தேனில் ஷிஃபா: அன்று பாதி சொன்னேன், இன்று மீதி

(வாழப்பாடி பள்ளிவாசலில் ஆற்றிய ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

 

 போன ரமலானுக்கு முந்தின ரமலானில் இதே மிம்பர் படியில் நின்று தேனைப் பற்றி ஒரு பயான் செய்தேன். உங்களில் பலருக்கு நினைவிருக்கும். தேனில் மனிதர்களுக்கு ஷிஃபா இருக்கிறது என்று அல்லாஹ் சொல்லிவிட்டான், இதற்கு மேல் என்ன வேண்டும் என்று சொல்லி முடித்தேன். தக்பீர் முழங்கியது. அடுத்த வாரம் நம் பள்ளி வாசலில் மூன்று பேர் தேன் பாட்டில் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பயானைக் கேட்டவர்களில் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு பெரியவர். பத்து வருஷமாகச் சர்க்கரை நோய். மாத்திரை சாப்பிட்டு வந்தவர். மறுநாளிலிருந்து மாத்திரையை நிறுத்திவிட்டு, காலை மூன்று ஸ்பூன், இரவு மூன்று ஸ்பூன் தேன் குடிக்க ஆரம்பித்திருக்கிறார். வீட்டில் கேட்டதற்கு, "ஹழ்ரத் சொல்லிட்டாங்க" என்றாராம். நான்கு மாதம். செருப்பு கடித்த புண் ஆறாமல் புரையோடி, இரண்டு கால்விரல்களை எடுக்க வேண்டியதாகிவிட்டது. நான் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது அவர் என்னைக் குறை சொல்லவே இல்லை. "என் ஈமான்தான் குறைவு போல ஹழ்ரத், அதான் கேக்கல" என்றார். அந்த வார்த்தையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவருடைய ஈமானில் குறைவில்லை. என் பயானில்தான் குறைவிருந்தது. அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். இன்று மீதியைச் சொல்லப் போகிறேன்.

திருக்குர்ஆனின் 16வது அத்தியாயம் சூரத்துந் நஹ்ல். நஹ்ல் என்றால் தேனீ. 128 வசனங்கள் கொண்ட அந்த சூராவில் தேனீயைப் பற்றி வருவது இரண்டே வசனங்கள்: 68ம் 69ம். ஆனாலும் சூராவுக்கே அதன் பெயர்தான். அல்லாஹ் தேனீக்கு அறிவித்துக் கொடுத்ததாகச் சொல்கிறான். மலைகளிலும், மரங்களிலும், மனிதர்கள் கட்டுகிற இடங்களிலும் வீடு அமைத்துக்கொள், பிறகு கனிகளிலிருந்தெல்லாம் சாப்பிடு, உன் ரப்பு வகுத்த வழிகளில் போ என்பது அந்தக் கட்டளையின் கருத்து. அதன் வயிறுகளிலிருந்து பல நிறங்களில் ஒரு பானம் வெளியாகிறது, அதில் மனிதர்களுக்கு நிவாரணம் உண்டு, சிந்திப்பவர்களுக்கு அத்தாட்சி உண்டு என்று முடிகிறது.

மலை, மரம், மனிதன் கட்டியது. இந்த மூன்றையும் பார்க்க நீங்கள் வெளியூர் போக வேண்டியதில்லை. கல்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் பாறை விளிம்பில் பெரிய அடையாகத் தொங்குவது மலைத்தேனீ. அதைப் பெட்டியில் வளர்க்க முடியாது. மலைவாழ் மக்கள் கயிறு கட்டி இறங்கி எடுக்கிறார்கள். உயிரைப் பணயம் வைக்கிற தொழில் அது. புளியமரப் பொந்தில் அடுக்கடுக்காகக் கூடு வைப்பது அடுக்குத் தேனீ. மூன்றாவதுக்கு, ஊரில் உள்ள தண்ணீர்த் தொட்டியின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். இல்லையென்றால் பாக்குத் தோப்பில் வைத்திருக்கிற தேன் பெட்டியைப் பாருங்கள்.

தண்ணீர்த் தொட்டி என்றதும் ஒரு விஷயம். கூட்டைப் பார்த்ததும் இரவில் பந்தம் கொளுத்திக்கொண்டு போகிற பழக்கம் நம் பையன்களிடம் இருக்கிறது. எறும்பு, தேனீ, ஹுத்ஹுத், சுரத் என்ற பறவை ஆகிய நான்கையும் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதில் இருக்கிறது. மலைத்தேனீ ஒரே இடத்தில் நிரந்தரமாகத் தங்குவதில்லை. பூக்காலம் முடிந்தால் தானே கிளம்பிவிடும். குழந்தைகள் நடமாடும் இடம், ஆபத்து என்றால் விவரம் தெரிந்தவரை அழையுங்கள். வேடிக்கைக்காக எரிக்காதீர்கள்.

அந்தப் பெரியவர் விஷயத்துக்குப் பிறகு, நான் பேசியதை முதலில் நான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. நம் ஜமாஅத்தில் ஒரு சகோதரர் பாக்கும் தென்னையும் வைத்திருக்கும் தோப்பில் பன்னிரண்டு பெட்டி வைத்திருக்கிறார். அவரிடம் போனேன். வாசலில் லேசாகப் புகை காட்டி மூடியைத் திறந்தார். உள்ளே மரச்சட்டங்கள். ஒரு சட்டத்தைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். முழுக்கத் தேனீ. "பயப்படாதீங்க ஹழ்ரத், கையை வீசாதீங்க" என்றார். ஓரத்தில் மெழுகால் மூடி போட்ட அறைகள். மூடியிருந்தால்தான் தேன் பக்குவமாகிவிட்டது என்று அர்த்தமாம். மூடாததை எடுத்தால் தண்ணீர் அதிகமாக இருந்து புளித்துவிடும்.

அது ஏன் தெரியுமா? பூவிலிருந்து தேனீ உறிஞ்சி வருவது தேன் அல்ல, வெறும் இனிப்புத் தண்ணீர். பாதிக்கு மேல் நீர். அதைத் தன் வயிற்றில் உள்ள தனிப் பையில் சுமந்து வந்து இன்னொரு தேனீயின் வாய்க்குக் கொடுக்கிறது. கை மாறுவது போல வாய் மாறி, உடம்பில் ஊறும் சுரப்பு கலந்து, அறையில் ஊற்றப்படுகிறது. பிறகு இரவெல்லாம் இறக்கையால் விசிறி விசிறி நீரை வற்ற வைக்கின்றன. நூற்றுக்கு ஏறக்குறைய 18 பங்கு நீர் என்ற அளவுக்கு வந்ததும் மெழுகு மூடி. அந்தக் கெட்டியில் கிருமி பெருக முடியாது. கூடவே லேசான அமிலத் தன்மையும், தேனீயின் சுரப்பால் உண்டாகும் கிருமிநாசினிப் பொருளும் இருக்கின்றன. தேன் கெடாமல் இருப்பதன் ரகசியம் இதுதான்.

ஒரு வேலைக்காரத் தேனீ சுறுசுறுப்பான பருவத்தில் ஆறு வாரம்தான் வாழ்கிறது. அந்த ஆயுள் முழுவதும் அது சேர்க்கிற தேன், ஒரு டீஸ்பூனில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நாம் ரொட்டியில் ஊற்றி, தட்டில் மீதி வைத்து, கழுவி விடுகிறோமே, அது எத்தனை ஆயுள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்த வசனத்தில் தேனீயை நோக்கி வரும் ஏவல் வினைகள் எல்லாம் பெண்பாலில் வருகின்றன. உழைக்கும் தேனீ பெண் என்பதற்கு இது ஆதாரம் என்று பலர் பேசுகிறார்கள். உழைப்பது பெண் தேனீதான், அது உண்மை. ஆனால் நஹ்ல் என்ற சொல்லையே அரபுகள் பெண்பாலாகவும் வழங்கியிருக்கிறார்கள். இலக்கணத்தை இலக்கணமாகவும் விட்டுவைக்கலாம். ஒவ்வொன்றையும் விஞ்ஞான அற்புதம் என்று நிரூபிக்க நாம் ஓடினால், எனக்கு நேர்ந்தது போல எங்காவது தடுக்கி விழுவோம்.

இப்போது நான் அன்று விட்ட இடத்துக்கு வருகிறேன். அல்லாஹ் அங்கே ஷிஃபாஉன் என்று சொல்கிறான். அஷ்ஷிஃபா என்று சொல்லவில்லை. அரபி ஓதியவர்களுக்குத் தெரியும், அலிஃப் லாம் இல்லாத சொல் நகிரா. "ஒரு நிவாரணம்" என்று பொருள் வரும், "எல்லா நிவாரணமும்" என்று வராது. அரபுக் கல்லூரியில் தஃப்சீர் ஜலாலைன் கிதாபில் இந்த இடத்தை உஸ்தாதிடம் ஓதியிருக்கிறேன். இமாம் சுயூத்தி (ரஹ்) அவர்கள் அங்கே இரண்டு கருத்துகளைக் குறிப்பிடுகிறார்கள். ஒன்று, சில நோய்களுக்கு நிவாரணம், அந்த நகிராவே அதைக் காட்டுகிறது என்பது. மற்றொன்று, வேறு மருந்துகளோடு சேரும்போது எல்லா நோய்க்கும் என்பது. அதற்குப் பிறகு தன் கருத்தாக, சேராமலும் அதற்குரிய நிய்யத்தோடு குடித்தால் பலன் உண்டு என்று சேர்க்கிறார்கள். அதையும் நான் மறைக்கவில்லை. ஆனால் நிய்யத் வைத்தவர் மாத்திரையைத் தூக்கி எறிய வேண்டும் என்று எந்த இமாமும் சொல்லவில்லை. இமாம் இப்னு கஸீர் (ரஹ்) அவர்களும் தங்கள் தஃப்சீரில் இதே நகிரா விஷயத்தை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். எழுநூறு வருஷத்துக்கு முன் எழுதி வைத்துவிட்டார்கள். நான் ஓதியிருந்தும் மிம்பரில் சொல்லவில்லை. மக்கள் உற்சாகமாகக் கேட்கும்போது "ஆனால்" என்று ஒரு வார்த்தை போடக் கை வரவில்லை. அதுதான் என் தவறு.

வயிற்றுப்போக்கு ஹதீஸ் உங்களுக்குத் தெரியும். தன் சகோதரனுக்கு வயிறு சரியில்லை என்று ஒருவர் வந்தார். தேன் கொடுக்கச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். கொடுத்தார், அதிகமாகத்தான் போகிறது என்று திரும்பி வந்தார். மறுபடியும் தேனே கொடுக்கச் சொன்னார்கள். கடைசியில் குணமானது. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது, அறிவிப்பவர் அபூஸயீத் அல்குத்ரீ (ரலி). இதற்கு இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) தரும் விளக்கத்தைப் பாருங்கள். மருந்துக்கு நோயின் தன்மைக்கேற்ற ஓர் அளவு உண்டு, குறைந்தால் நோய் போகாது, மிஞ்சினால் உடம்பைக் கெடுத்துவிடும், அந்த அளவு எட்டும் வரை திரும்பத் திரும்பக் கொடுக்கச் சொன்னார்கள் என்கிறார்கள். நாம் இந்த ஹதீஸிலிருந்து எடுத்துக்கொண்டது "தேன்" மட்டும். "அளவு", "நோய்க்கேற்ற மருந்து" இரண்டையும் விட்டுவிட்டோம். மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்று பெருமானார் ஏவிய ஹதீஸ் திர்மிதியிலும் அபூதாவூதிலும் தனியாகவே இருக்கிறது.

சர்க்கரை நோயுள்ளவர்கள் நன்றாகக் கேளுங்கள். தேனில் நூற்றுக்கு 80 பங்கு சர்க்கரைதான். ஒரு டீஸ்பூன் தேன் சுமார் 7 கிராம், அதில் ஏறக்குறைய 6 கிராம் சர்க்கரை. "இயற்கை இனிப்பு, சுகர் ஏறாது" என்பது பொய். ஏறும். டாக்டரிடம் கேட்டு, அவர் சொன்ன அளவில், மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம். தேன் குடிக்காததால் உங்கள் தீனில் ஒரு குறையும் வராது.

அப்படியானால் பலனே இல்லையா? இருக்கிறது. இருமலுக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ஸ்பூன் தேன் கலந்து நம் உம்மாமார் கொடுத்தார்களே, சாதாரண இருமலுக்கு முதலில் தேனைக் கொடுத்துப் பாருங்கள் என்று இங்கிலாந்தின் அரசு மருத்துவ வழிகாட்டலே 2018ல் சொன்னது. தீப்புண், ஆறாத புண் இவற்றுக்குக் கிருமி நீக்கிய மருத்துவத் தேனை டாக்டர்கள் பயன்படுத்துகிறார்கள். சமையலறை பாட்டிலை எடுத்துப் புண்ணில் பூசச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். மறுபடியும் அரைகுறையாகப் பேசினேன் என்ற பெயர் எனக்கு வேண்டாம்.

இன்னொரு பாதியும் இருக்கிறது. பிறந்த குழந்தையை என்னிடம் கொண்டு வருகிறீர்கள். தஹ்னீக் செய்ய, பெயர் சூட்ட, பாங்கு சொல்ல. பேரீச்சம்பழம் இல்லாதபோது நானே தேனைத் தொட்டு வைத்திருக்கிறேன், பல குழந்தைகளுக்கு. கிதாபில் இல்லாமல் வைக்கவில்லை. பேரீச்சை கிடைக்காவிட்டால் இனிப்பான ஒன்று, அதில் தேன் மேலானது என்று இமாம் இப்னு ஹஜர் (ரஹ்) ஃபத்ஹுல் பாரியில் எழுதியிருக்கிறார்கள். போன வருஷம் நம் ஜமாஅத்தின் மகள் ஒருவர், நர்ஸ் வேலை பார்ப்பவர், தன் அத்தாவிடம் சொல்லி அனுப்பினார்: ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஒரு துளியும் கூடாது என்று ஹழ்ரத்திடம் சொல்லுங்கள் என்று. எனக்கு முதலில் சற்று வருத்தம்தான். விசாரித்தேன். அவர் சொன்னதே சரி. தேனில் சில சமயம் ஒரு கிருமியின் வித்துகள் இருக்கலாம். நம் குடலில் ஒன்றும் செய்யாது. பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். குழந்தை துவண்டு, பால் குடிக்க முடியாமல், மூச்சுக்கே திணறும் நிலை வரலாம். அரிதுதான். ஆனால் வந்தால் உயிருக்கு ஆபத்து. காய்ச்சினாலும் அந்த வித்து எளிதில் சாகாது.

இமாம்கள் காலத்தில் இது தெரிய வழியில்லை. தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் தீங்கு செய்யக் கூடாது என்ற சட்டத்தை நமக்குக் கற்றுத் தந்ததே அவர்கள்தான். ஹதீஸில் வந்திருப்பதும் பேரீச்சைதான். ஆகவே இனி நான் கையைக் கழுவி, மென்மையாக்கிய பேரீச்சையின் சாற்றை மட்டும் நாக்கில் தொட்டு வைப்பேன். இதையும் டாக்டர் வேண்டாம் என்ற குழந்தைக்கு துஆ மட்டும் செய்வேன். நாற்பது நாள் வரை சேனை என்று தேன் தொட்டு வைக்கிற வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. பாட்டிமார்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, நிறுத்துங்கள். இந்த எழுத்தைப் படிக்கும் தாய்மார்கள் உங்கள் வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

சரி, நோயை விடுவோம். நபி (ஸல்) அவர்கள் தேனை மருந்தாக மட்டும் பார்க்கவில்லை. அவர்களுக்கு இனிப்பும் தேனும் பிரியம் என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். ஜைனப் (ரலி) அவர்கள் வீட்டில் தேன் அருந்திவிட்டுச் சற்று நேரம் தங்கிய சம்பவம் உங்களுக்குத் தெரியும். மற்ற மனைவியர் மகாஃபீர் என்ற பிசினின் வாடை வருகிறது என்றார்கள். பெருமானாருக்கு வாயில் வாடை வருவது பிடிக்காது. இனி அந்தத் தேனையே குடிப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அல்லாஹ் ஹலாலாக்கியதை ஏன் விலக்கிக்கொள்கிறீர்கள் என்று சூரத்துத் தஹ்ரீமில் ஆயத் இறங்கியது. ருசித்துச் சாப்பிடுவது குற்றமல்ல. அந்தச் சம்பவத்தில் இன்னொரு நுட்பம்: எந்த மரத்தில் தேனீ மேய்ந்ததோ அதன் வாசம் தேனில் வரும் என்பது மதீனாவின் பெண்களுக்குத் தெரிந்திருந்தது. நம்மூர்த் தேனும் அப்படித்தான். வேம்பு பூக்கும் பருவத்துத் தேனில் லேசான கசப்பு இருக்கும். கன்னியாகுமரிப் பக்கம் மார்த்தாண்டத்தில் கிடைக்கும் தேனில் பெரும்பகுதி பூவிலிருந்தே வருவதில்லை, ரப்பர் மரத்தின் தளிர் இலைக் காம்பில் ஊறும் இனிப்பிலிருந்து வருகிறது. வசனம் பல நிறங்கள் என்று சொன்னதை அலமாரியில் வரிசையாக வைத்துப் பார்க்கலாம்.

மார்த்தாண்டம் என்றதும் சொல்கிறேன். நம் அடுக்குத் தேனீக்கு ஏற்ற பெட்டியை 1910 வாக்கில் திருச்சியில் இருந்த பாதிரியார் நியூட்டன் வடிவமைத்தார். இன்றும் அதற்கு நியூட்டன் பெட்டி என்றே பெயர். 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராம மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் அதை ஏழை விவசாயிகளிடம் கொண்டு சேர்த்தார். நன்மை யாரிடமிருந்து வந்தாலும் நன்றி சொல்வது நம் மார்க்கம். 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்துப் புழுநோய் என்ற வைரஸ் வந்து தென்னிந்தியாவின் அடுக்குத் தேனீப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றைக் காலி செய்தது. பெட்டி வைத்துப் பிழைத்த குடும்பங்கள் மறுபடியும் தலையெடுக்க வருஷங்கள் ஆயின. இன்று கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் பயிற்சி தருகிறது. வேலை தேடும் இளைஞர்கள் போய்க் கற்றுக்கொள்ளுங்கள். தேனுக்கு உஷ்ர் உண்டா என்று சிலர் கேட்டார்கள். உஷ்ரி நிலத்தில் கிடைத்தால் பத்தில் ஒரு பங்கு என்பது ஹனஃபி மத்ஹப், ஷாஃபியில் கடமையில்லை. பெட்டி வைத்திருப்பவர்கள் நிலத்தின் விவரத்தோடு தனியாக வந்து கேளுங்கள்.

இனி வியாபாரிகளுக்கு. 2020 டிசம்பரில் டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் ஓர் ஆய்வை வெளியிட்டது. கடையில் விற்கும் 13 கம்பெனித் தேன்களைச் சோதித்ததில் மூன்றுதான் எல்லாச் சோதனையிலும் தேறின என்றது. கம்பெனிகள் அதை மறுத்தன. ஆனால் அரிசியிலிருந்து செய்யும் ஒரு வகைச் சர்க்கரைப் பாகு, சாதாரணச் சோதனையில் சிக்காத மாதிரியே தயாரிக்கப்படுகிறது என்பது அப்போது வெளியே வந்தது. அதனால் தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் தடவிப் பற்ற வைப்பது, நாய் நக்காது, எறும்பு வராது என்பதெல்லாம் கதை. உறைந்து சர்க்கரை போல் ஆனால் கலப்படம் என்பதும் தவறு, நல்ல தேனும் உறையும். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் இளகிவிடும், அடுப்பில் வைத்துக் காய்ச்சாதீர்கள். உறுதியாகச் சொல்ல ஆய்வுக்கூடம் வேண்டும். அது நம்மால் ஆகாது. ஆக, தேன் வாங்குகிறவன் விற்கிறவனின் அமானிதத்தைத்தான் வாங்குகிறான்.

தானியக் குவியலுக்குள் பெருமானார் கையை விட்டு, அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு, மோசடி செய்பவன் நம்மைச் சேர்ந்தவனல்ல என்று எச்சரித்த ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. தேன் பாட்டிலுக்குள் கை விட முடியாது. அதனால்தான் இதில் ஏமாற்றுவது சுலபம், பாவமும் கனம். பெட்டிமேல் "சுன்னத்தான மருந்து" என்று அச்சடித்து, பச்சை மினாரா படம் போட்டு, எண்பது நோய் குணமாகும் என்று எழுதி நம் பள்ளி வாசல்களில்தான் அதிகம் விற்கிறார்கள். பாகைக் கலந்தவன் ஒரு பொய் சொல்கிறான். அதில் நபியின் பெயரைப் போட்டவன் இரண்டு பொய் சொல்கிறான். இனி நம் பள்ளி வாசலில் தேன் விற்க வருகிறவர், எந்தத் தோப்பு, யார் பெட்டி, எப்போது எடுத்தது என்று நிர்வாகத்திடம் சொல்லிவிட்டுத்தான் விற்க வேண்டும். நோய் குணமாகும் என்று எழுதிய பாட்டில் வேண்டாம். முத்தவல்லியிடம் பேசிவிட்டேன்.

கடைசியாக ஒரு அறிவிப்பு. அந்தத் தோப்புக்காரச் சகோதரர் ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு ஒரு பெட்டியைத் திறந்து காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பிள்ளைகளை அழைத்து வாருங்கள். தேனீ கொட்டினால் உடம்பு வீங்கி மூச்சு முட்டுகிற ஒவ்வாமை உள்ளவர்கள் வர வேண்டாம். மற்றவர்கள் முழுக்கைச் சட்டை போட்டு வாருங்கள். ஜும்ஆவுக்கு அத்தர் பூசுவது சுன்னத். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பூசாமல் வாருங்கள், பலமான வாசம் தேனீக்குப் பிடிக்காது. நான் சொன்ன அந்தப் பெரியவரும் வருகிறார். நடக்கச் சிரமப்படுவார், யாராவது வண்டியில் அழைத்து வரும்படிக் கேட்டுக்கொள்கிறேன்.